சாவு வண்டிக்கு எஃப்.சி.

மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பின்னால், பறக்கும் ரயில் தூண்களுக்கு அடியில், கால்வாய் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் மட்டும் வண்டி நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. தங்கவேலுவின் வண்டி அங்கேதான் நிற்கும். மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவில் பிணத்தைக் கிடத்துகிற எவர்சில்வர் மேடை, கூரையைச் சுற்றிச் சீரியல் விளக்கு. பக்கவாட்டில் ‘வைகுண்ட ரதம்’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தாலும் ஏரியாவில் எல்லோருக்கும் அது சாவு வண்டிதான்.

மறுநாள் எஃப்.சி. அதாவது, வண்டி ரோட்டில் ஓடத் தகுந்ததுதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய நாள். அதனால் மத்தியானத்திலிருந்து வீடே வண்டியைச் சுற்றிக் குந்தியிருந்தது. தங்கவேலு சக்கரத்துக்குக் கறுப்புப் பாலிஷ் அடித்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி பாஞ்சாலி கண்ணாடிக்குச் சோப்புத் தண்ணீர் போட்டாள். மகள் அன்புக்கரசி பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு முன்பக்கக் கம்பிவலையில் ஒட்டிக் காய்ந்த சாமந்தி இதழையும் பொரியையும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா, இந்தப் பூவு போவவே மாட்டேங்குது. சிமெண்ட்டு கணக்கா புடிச்சிக்கினு கீது.”

“தண்ணிய ஊத்தி ஊற வையிடி. சொரண்டி பெயிண்ட்டு பேந்துச்சின்னா உங்க நைனா என் மேலதான் பாய்வாரு.”

“அங்க இன்னா கசமுசா?” என்றார் தங்கவேலு, தலையைத் தூக்காமல்.

“ஒண்ணியும் இல்ல. பொண்ணு பல்லு வெளக்குது, வண்டிக்கு.”

எஃப்.சி.க்கு வேண்டிய சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தீயணைக்கிற சிவப்பு உருளை, ஸ்கூல் வேன் ஓட்டுகிற அப்துல் சமதுடையது. ஸ்டெப்னி டயர், டெம்போ வைத்திருக்கும் ஹென்றியிடம் வாங்கியது. எல்லாம் ஒருநாள் இரவல். நாளைக்குச் சாயந்தரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வாரம் ஹென்றிக்கு எஃப்.சி. வரும்போது இதே உருளை அவன் டெம்போவில் ஏறிக் குந்தும்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மெக்கானிக் வஹீத் பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“இன்னா தங்கவேலு, மாப்ள கணக்கா சோடிச்சி வச்சிகீற? யாருக்கு நிக்காஹ்?”

“எனக்கும் பிரேக் இன்ஸ்பெக்டருக்கும்தான் பாய்.”

“பொண்ணு கருப்பா செவப்பா?”

“அத நாளைக்கு பாத்தாத்தான் தெரியும். மொதல்ல இந்த லைட்டு கதைய பாரு. பேஜாரா கீது.”

அந்த லைட் சித்திரையிலிருந்து படுத்துகிறது. ஸ்பீடு காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சள் வெளிச்சத்தில் சின்னதாக ஓர் எஞ்சின் படம். அது எரிந்தால் எஞ்சினில் கோளாறு என்று அர்த்தம். அந்த லைட் எரிகிற வண்டிக்கு எஃப்.சி. கொடுக்க மாட்டார்கள். எஃப்.சி. இல்லாத வண்டியை முதல் சிக்னலிலேயே பிடிப்பார்கள்.

வஹீத் பாய் வண்டிக்குள் குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

“தப்பு வண்டி மேல இல்ல. உன் தொழில் மேல. மோளத்துக்குப் பின்னால நடைவேகத்துல ரெண்டு மணி நேரம் உருட்டிக்கினு போற. பசங்க ஆடுற வரைக்கும் வண்டி உறுமிக்கினே நிக்குது. பொகை போற கொழாய்க்குள்ள ஒரு ஜல்லடை கீது. கரி பூரா அதுல அடைச்சிக்கும். வேகமா ஓட்டுனாத்தான் சூடு ஏறி அந்தக் கரி தன்னால எரியும். உன் வண்டி என்னிக்காவது நாப்பதைத் தாண்டிக்கிதா?”

“பொணத்த வச்சிக்கினு பறக்கச் சொல்றியா?”

“அதான் லைட்டு போட்டுக் கேக்குது, என்னைய பறக்க வுடுறியா இல்லியான்னு.”

“அது ஒயுங்கா கேட்டா பரவால்ல பாய். விட்டு விட்டு எரியுது. கொஞ்ச நேரம் எரியும், அணைஞ்சிடும். திரும்பப் பாத்தா எரியும்.”

வஹீத் பாய் தாடியைச் சொரிந்தார். “விட்டு விட்டா? இந்த ரகம் அப்டி எரியாதுப்பா. வந்துச்சின்னா குந்திக்கும். ஓட்டிக் கரிய எரிக்கிற வரைக்கும் எறங்காது.”

“அப்போ நான் பொய் சொல்றேன்றியா?”

“அரே, கோச்சிக்காத. வயரு லூசா கீதான்னு பாக்குறேன்.”

டார்ச் அடித்து வயர்களையெல்லாம் இழுத்துப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஸ்கேனரால இப்பவே அழிச்சி உட்டுடலாம். ஆனா கரி அப்டியே கீதே. நாளைக்கு கிரவுண்டுல லைன்ல நிக்கசொல்ல திரும்ப வந்து இளிக்கும். அதனால நீ ஒண்ணு பண்ணு. காலில வெளிச்சம் வந்ததும் ஈ.சி.ஆர்.ல ஏறு. பாலவாக்கம் நீலாங்கரைல்லாம் தாண்டி எம்பதுல புடிச்சிக்கினு போ. லைட்டு தன்னால போய்டும். அப்டியே நேரா எஃப்.சி.க்கு போய்டு. தனியா போவாத, பேச்சுத் துணைக்கு யாரையாவது வச்சிக்கோ.”

“அன்பு வரும்,” என்றாள் பாஞ்சாலி. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

போன மாதம் வரைக்கும் வண்டியில் ஹெல்பராக இருந்தவன் தமிழ்மாறன். ஊர்வலத்தில் வண்டிக்கு முன்னால் நடந்து கூட்டத்தை விலக்குவது அவன் வேலை. ஒருநாள் சாவியைப் பாஞ்சாலி கையில் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு டெலிவரி வேலைக்குப் போய்விட்டான். என்ன காரணம் என்று அன்புவுக்குத் தெரியாது. ப்ளஸ் டூ எழுதி முடித்துச் சும்மா இருந்த அன்புக்கரசியை அம்மாதான் தகப்பன் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். காலேஜ் திறக்கிற வரைக்கும் என்று பேச்சு. கடற்கரையோரம் இருக்கிற பெண்கள் காலேஜில் பி.காம். கிடைத்திருந்தது. திங்கட்கிழமை திறக்கிறார்கள்.

*

ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் திருவான்மியூர் தாண்டும்போது சூரியன் இடது பக்கம் கடலிலிருந்து ஏறியிருந்தது. தங்கவேலு காலியாக வண்டி ஓட்டும்போது பாடுவார். அன்றைக்குப் பாடவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணி எடுத்து எதிர்க் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்தார். கொஞ்ச தூரம் போனதும் அதே இடத்தை மறுபடியும் துடைத்தார்.

“உங்கம்மா இன்னா கண்ணாடி தொடச்சிகீறா? கறை அப்டியே கீது.”

“எங்க நைனா?”

“தோ, நடுவாண்ட. மை தெளிச்ச மாதிரி.”

அன்பு பார்த்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

வண்டி வேகம் எடுத்தது. அறுபது. எழுபது. பின்னால் எவர்சில்வர் மேடை கடகடவென்று ஆடியது. பிணம் இல்லாத வண்டி வேகமாகப் போனால் இத்தனை சத்தம் போடும் என்று அன்புவுக்கு அதுவரை தெரியாது. எஞ்சின் படம் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

“பாத்தியா அன்பு! அணைஞ்சிடுச்சி. பாய் சொன்னது கரீட்டு.”

அவள் குனிந்து பார்த்தாள். எரிந்தது. அசையாமல், ஒரு துடிப்புக்கூட இல்லாமல் எரிந்தது. ‘எரியுதே நைனா’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

“த்தூ. திரும்ப வந்துடுச்சி,” என்றார் அவர். அப்போது அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார், கோழி தரையில் கிடக்கிற அரிசியைப் பார்க்கிற மாதிரி. தலையை நிமிர்த்தினார். “போச்சி. இப்போ போச்சி.”

லைட் போகவேயில்லை. அன்பு அதிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். இன்னொரு தடவை அவர் தலையைச் சாய்த்தார். “வந்துடுச்சி,” என்றார்.

விட்டு விட்டு எரிவது லைட் இல்லை. வஹீத் பாய் வயரையெல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்தாரே, லூசாகிப்போனது வண்டியில் எதுவும் இல்லை.

பாலவாக்கத்தில் கடற்கரைப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பொம்பளை மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க இறங்கினாள். வண்டி வருகிற தினுசைப் பார்த்து டிரைவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்தாள். தங்கவேலு நேராக அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கால் பிரேக்குக்குப் போகவில்லை. அன்புவின் கால்தான் பிரேக் இல்லாத இடத்தில் தரையை அழுத்தியது.

“நைனா! ஆளு!”

வண்டி கிறீச்சிட்டுக் குலுங்கி நின்றது. மீன்காரம்மாவின் சேலைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கூடை வைக்கலாம், அவ்வளவுதான் இடம்.

“டேய்! சாவு வண்டின்னா சாவுறவன ஏத்துடா! உசுரோட கீறவள ஏன்டா ஏத்த வர்ற, கஸ்மாலம்!”

“பாத்துக்கினுதாம்மா வந்தேன்! நீதான் குறுக்கால பூந்த!” என்று தங்கவேலு ஜன்னல் வழியாகக் கத்தினார். அவர் கத்தியது அவள் நின்ற பக்கம் அல்ல. அவள் அதற்குள் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போயிருந்தாள்.

அவர் கை துணியைத் தேடியது. கிடைத்ததும் கண்ணாடியைத் துடைத்தார்.

அன்பு அதற்கப்புறம் வாயை மூடவில்லை. பயத்தில் பேசிக்கொண்டே வந்தாள். அதோ பஸ்ஸு நிக்குது நைனா, அதோ ரெண்டு நாயி, பாரு நைனா அந்த ஆளு செல்லுல பேசிக்கினே வரான். பேச்சுத் துணைக்கு வந்த பெண் பேசுகிறாள் என்கிற மாதிரியே அவரும் ‘ஆங், ஆங்’ என்று கேட்டுக்கொண்டு ஓட்டினார். கோவளத்துக்குக் கிட்டத்தில் லைட் நிஜமாகவே அணைந்தது.

“இப்போ அணைஞ்சிடுச்சி நைனா.”

“அது அப்பவே அணைஞ்சிடுச்சே,” என்றார் தங்கவேலு.

*

எஃப்.சி. காட்டுகிற மைதானத்தில் நிழல் என்பது வண்டிகளின் நிழல் மட்டும்தான். லாரி, ஸ்கூல் வேன், ஷேர் ஆட்டோ என்று வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே வந்திருந்தது. சாவு வண்டி வந்து கடைசியில் நின்றதும் முன்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்தான்.

“இன்னா பெர்சு, காலில காலிலயே? உள்ள ஆளு கீதா, காலியா?”

“காலிதான். வரியா? மொத சவாரி ஃப்ரீ.”

“ஐயே, எனக்கு இன்னும் ஆட்டோ ட்யூ முடியல.”

பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர், “யோவ், அவர முன்னால வுடுங்கய்யா. சாவு எதுர்ல வந்தா நல்ல சகுனம்யா,” என்றார்.

“எதுர்ல வந்தாத்தான் சகுனம். கூடவே லைன்ல நின்னா அதுக்கு பேரு வேற,” என்றான் ஷேர் ஆட்டோ. எல்லோரும் சிரித்தார்கள். தங்கவேலுவும் சிரித்தார். மற்ற நாளாக இருந்தால் அன்புவும் சிரித்திருப்பாள்.

வரிசை நகர நகர எஞ்சினை அணைத்து அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவை போட்டதும் உதட்டை அசைக்காமல் கேட்டார்: “எரியுதா?”

“இல்ல நைனா.”

“நல்லா பாத்து சொல்லு.”

“இல்ல.”

வேறு யார் காதிலாவது விழுந்திருந்தால், கண்ணெதிரே இருக்கிற லைட்டைப் பற்றி ஏன் பெண்ணைக் கேட்கிறார் என்று தோன்றியிருக்கும். அன்புவுக்கு அந்தக் கேள்வியின் ஒவ்வொரு எழுத்தும் இப்போது விளங்கியது.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். வைதேகி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வண்டியைச் சுற்றி வந்து ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் போடச் சொன்னார். சிவப்பு உருளையில் அப்துல் சமதின் ஸ்கூல் வேன் நம்பர் எழுதியிருந்ததைப் பார்த்தார். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டி, “சாவியைப் போடுங்கோ. எல்லா லைட்டும் ஒருதரம் வந்து அணையணும்,” என்றார்.

எல்லாம் வந்தன. எல்லாம் அணைந்தன.

“ம். வழக்கமா நான்தான் ஓட்டிப் பார்ப்பேன். ஆத்துல இன்னைக்கு ஹோமம். இதுக்குள்ள ஏறிட்டுப் போய் நிக்க முடியாது. நீங்களே ஓட்டிக் காட்டுங்கோ. அந்தக் கோடியிலேர்ந்து முப்பதுல வாங்கோ. நான் அங்க சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்துல நிப்பேன். கையைத் தூக்கினதும் பிரேக். தெரிஞ்சுதா?”

“தெரியுது மேடம்.”

“அந்தப் பொண்ணு யாரு?”

“எம் பொண்ணுதான். ஹெல்பரு.”

“பெல்ட் போட்டுக்கோம்மா.”

வண்டி கோடிக்குப் போய்த் திரும்பியது. தங்கவேலு சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கியர் போட்டார். எதிரே வெள்ளைக் கோடு. அதற்கு அந்தப் பக்கம் ரெண்டடி தள்ளிக் காக்கிச் சட்டையில் அந்த அம்மா நின்றார்.

பத்து. இருபது. முப்பது.

கை உயர்ந்தது.

அன்பு பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். அவர் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. காதை மட்டும் அவள் பக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். இப்போது பேசாமல் இருந்தால் போதும். எல்லாம் இங்கேயே வெட்டவெளியில் தெரிந்துவிடும். அவளாக யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. லைசன்ஸைப் பிடுங்குவார்கள், வண்டியை நிறுத்துவார்கள், அதோடு முடிந்தது. ஆனால் அதற்கு நடுவில் அந்த அம்மா நிற்கிறாரே. கையைத் தூக்கியபடி, வண்டி நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டு, கைக்கடிகாரத்தில் வெயில் பட்டு மின்ன.

“நில்லு நைனா.”

மூச்சு மாதிரிதான் சொன்னாள். வண்டி கோட்டின்மேல் கச்சிதமாக நின்றது.

“பிரேக் நன்னா இருக்கு,” என்றார் வைதேகி, எழுதிக்கொண்டே.

திரும்பி வரும்போது தங்கவேலு பாடினார். அடையாறில் நிறுத்தி அவளுக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். தான் டீ மட்டும் குடித்தார், சர்க்கரை போட்டு. அவள் பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்தாள்.

“ஏன், நல்லால்லியா?”

“நல்லாத்தான் கீது நைனா. அம்மாவுக்கு.”

*

சாயந்தரம் பாஞ்சாலி வாசலில் பாய் விரித்துப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். பட்டினப்பாக்கத்தில் ஒரு பெரியவர் போய்விட்டார். மகன் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று மறுநாள் காலையில் எடுக்கிறார்கள். வண்டிக்குப் பத்து முழச் சரம் எட்டு வேண்டும். உள்ளே தங்கவேலு சோறு தின்றுகொண்டிருந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வாசனை சந்து முழுக்க அடித்தது.

அன்பு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூவை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

“எம்மா. நைனாக்கு கண்ணு தெரியல.”

பாஞ்சாலியின் விரல் முடிச்சில் நிற்கவில்லை. “மெதுவா பேசு. உள்ளாறதான் கீறாரு.”

“உனக்குத் தெரியுமா?”

“பொங்கலுக்கு முன்னாடியே தெரியும்.”

மேலே ரயில் போனது. அது போய் முடிந்த பிறகு பாஞ்சாலி குரலைத் தாழ்த்தினாள்.

“கண்ணாஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனேன். சக்கரை முத்திப் போயி கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். லேசர் வைக்கணும், ஊசி போடணும், அப்பவும் முழுசா வரும்னு சொல்ல முடியாது, வண்டிய மட்டும் தொடவே கூடாதுன்னாங்க. வெளிய வந்து வாசப்படில குந்திக்கினு அழுதாரு. ஆம்பள அழுது நான் அன்னிக்குதான் பாத்தேன். அதுக்கு மேல அந்தப் பக்கமே வர மாட்டேன்ட்டாரு.”

“அப்போ தமிழ்மாறண்ணன்...”

“அவன் கண்டுக்கினான். ‘அக்கா, வெளிய சொல்ல மாட்டேன். ஆனா இந்த வண்டிக்கு முன்னால இனிமே நடக்க மாட்டேன்’னு சாவியக் குடுத்துட்டு பூட்டான்.”

“தெரிஞ்சேதான் என்னிய ஏத்துனியா?”

பாஞ்சாலி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “வேற யார ஏத்துவேன்? வெளியாளு நாலு நாள்ல வெளிய சொல்லிடுவான். டிரைவரு போட்டா வர்றது அவனுக்கே செரியா பூடும். நீன்னா நம்ம ஊட்டுப் பொண்ணு.”

“பாலவாக்கத்துல ஒரு பொம்பள செத்துருப்பாம்மா இன்னிக்கி.”

“சாவல இல்ல? நீ இருந்த இல்ல?”

“எம்மா!”

“கத்தாத.”

“ஊர்வலத்துல பசங்க பம்பராண்டதான் ஆடுறாங்க. காசு பொறுக்க குனியுறாங்க. ஒருத்தன் மாட்டுனான்னா? எனக்கு பயமா கீதும்மா. நான் வண்டில ஏற மாட்டேன்.”

“நீ ஏறலன்னா அவரு தனியா ஓட்டுவாரு,” என்றாள் பாஞ்சாலி. முதல் தடவையாக நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. தூக்கம் இல்லாத சிவப்பு மட்டும் இருந்தது. “நிறுத்துவாருன்னு நெனைக்கிறியா? நான் சாவிய ஒளிச்சி வச்சிப் பாத்துட்டேன். கால்ல வுழுந்தும் பாத்துட்டேன்.”

“திங்கக்கெழம காலேஜு தொறக்குது.”

பாஞ்சாலி அடுத்த சரத்துக்கு நூலை நீவினாள். “தெரியும்டி,” என்றாள்.

உள்ளேயிருந்து தங்கவேலுவின் குரல் வந்தது. “ஏய், இன்னா கொழம்பு இது? ஒரு நெத்திலி கூட போடாம வெறும் சாறா ஊத்திகீற?”

அன்பு எழுந்து உள்ளே போய்ப் பார்த்தாள். தட்டின் ஓரத்தில் அம்மா வைத்த கருவாடு குவியலாக அப்படியே இருந்தது. அவள் குனிந்து அதைச் சோற்றின் நடுவில் தள்ளிவிட்டாள்.

“தோ வச்சிட்டேன் நைனா.”

*

பட்டினப்பாக்கத்துப் பெரியவருக்குப் பேரன்கள் அதிகம். மேளம் அதைவிட அதிகம். பத்துப் பதினைந்து பையன்கள் வண்டிக்கு முன்னால் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடினார்கள். ஒருவன் வாயால் விசில், ஒருவன் கையில் சரவெடி. கூடையோடு ஒருவர் நடந்து ரோஜா இதழையும் பொரியையும் சில்லறையையும் வாரி வாரி இறைத்தார். சில்லறை விழுகிற இடத்தில் பொடிசுகள் பாய்ந்தன.

வண்டிக்குள்ளிருந்து அன்பு, “நில்லு... போ... மெதுவா... நில்லு,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடற்கரை ரோட்டிலிருந்து திரும்பிச் சந்துக்குள் நுழைந்ததும் மேளச் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“நில்லு நைனா!”

“இன்னா?”

“நில்லு!”

அவர் நிறுத்தும்போது ஒரு பையனின் குதிகால் பம்பரில் உரசியது. அவன் ஆட்ட மும்முரத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பீடு முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் லைட் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. தங்கவேலு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எஃப்.சி.தான் முடிந்துவிட்டதே. கண்ணாடி முழுக்க ஈரப் பூ இதழ் ஒட்டி, வைப்பர் போட்டால் இன்னும் இழுகியது.

அன்பு பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

“எங்கடி போற? ஏறு!”

அவள் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். எக்கி, அவர் காதுக்கு அருகில் வாயை வைத்தாள்.

“நான் பேசுறது உனக்கு கேக்கல நைனா. முன்னால நடக்குறேன். பானட்டுல ஒண்ணு தட்டுனா நிறுத்து. ரெண்டு தட்டுனா போ.”

தங்கவேலு அவளைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறு பக்கம் சாய்த்து, எங்கேயாவது மகளின் முகம் அகப்படுமா என்று பார்த்தார்.

“எப்போலேர்ந்து தெரியும்?” என்றார்.

“தட்டுறேன். கேட்டுக்கினு வா.”

ஆடுகிற பையன்களுக்கும் பம்பருக்கும் நடுவில் போய் நின்றாள். பையன்கள் பக்கம் முதுகு, வண்டிப் பக்கம் முகம். பானட்டில் உள்ளங்கையை வைத்தாள். இரண்டு தடவை தட்டினாள். பின்பக்கமாக நடந்தாள். ஒன்று தட்டினாள், நின்றது. இரண்டு தட்டினாள், வந்தது. அப்படியே சந்து முனை வரைக்கும் வந்துவிட்டார்கள்.

சந்து முனையில், வண்டிக்குப் பின்னால் வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். அழுது ஓய்ந்தவர்கள், அழ வந்தவர்கள், எல்லோரும் தெருக்குழாய்ப் பக்கம் ஒதுங்கினார்கள். அதற்கு மேல் சுடுகாடு வரைக்கும் ஆம்பிளைகள் மட்டும்தான். துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒரு பெரியவர் அன்புவிடம் வந்தார்.

“யம்மா, பொண்ணுங்க இதோட நின்னுக்கணும். நீ ஊட்டுக்குப் போ.”

“நான் வண்டி ஆளுங்க.”

“இன்னா ஆளா இருந்தா இன்னா? வயசுப் பொண்ணு பொணத்துக்கு முன்னால சுடுகாட்டுக்கு நடக்குறதா? நல்லால்லம்மா. உனக்குத்தான் நல்லதில்ல. உங்க அப்பன் ஓட்டிக்கினு வருவாரு, நீ போ.”

மேளம் நின்றிருந்தது. பையன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, எப்போது மறுபடி அடிப்பார்கள் என்று நின்றார்கள். அதில் சின்னவன் ஒருவன் வண்டியின் முன் சக்கரத்துக்குக் கீழே உருண்ட நாணயத்தைக் கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தகப்பனின் முகம் எல்லோருக்கும் மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், காது வெளியே.

ஊட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். அவளாகக் கேட்கவில்லை, அவர்களே சொல்லிவிட்டார்கள். ஐந்து நிமிஷ நடையில் வீடு. அன்புவுக்குக் கால் ஒரு அடி பின்வாங்கியது.

“அன்பு?” என்றார் தங்கவேலு, மெதுவாக. “கீறியா?”

அவள் குனிந்து அந்தப் பொடியனின் கையைப் பிடித்து வெளியே இழுத்து ஓரத்தில் விட்டாள். பெரியவர் என்னமோ சொன்னார். மேளம் அடிக்க ஆரம்பித்ததில் அது கேட்கவில்லை. பானட் கொதித்தது. கையை அதன் மேல் வைத்தாள், எடுக்காமல் வைத்தாள்.

இரண்டு தட்டினாள். வண்டி அவளை நோக்கி நகர்ந்தது.